வாற்றும் போல்ற்றனும்: ஒரு புதுமைக் கம்பனியின் வரலாறு

கொதிக்கும் கேத்திலின் மூடி நீராவியால் எழுந்தெழுந்து விழுவதைச் சிறுவன் ஒருவன் கண்ணிமையாது நோக்கியிருந்தான் என்றும், அவனே வளர்ந்து நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்றும் கூறும் கதை பல தலைமுறைப் பாடநூல்களில் இடம்பெற்றது. கதை இனியது, ஆயினும் வரலாற்றோடு இரண்டு இடங்களில் முரண்படுவது. நீராவியால் இயங்கும் எந்திரம் ஜேம்ஸ் வாற் பிறப்பதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1712 இல், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் நீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. இஃது ஒன்று. எண்ணம் பிறந்தவுடன் எல்லாம் நிறைவேறிவிட்டதுபோல அக்கதை முடிவது மற்றையது. வாற்றின் தலைசிறந்த எண்ணம் உதித்தது 1765 இல். அவ்வெண்ணத்தால் ஆகிய எந்திரம் பிறர் சுரங்கத்தில் விலைக்கு உழைக்கத் தொடங்கியது 1776 இல். இடைப்பட்ட பதினோராண்டும், அவற்றைத் தொடர்ந்து வந்த இருபத்துநான்கு ஆண்டும் ஒரு கம்பனியின் வரலாறாகும். அவ்வரலாற்றில் அறிவியலுக்கு எத்துணை இடமுண்டோ, கடனுக்கும் ஈட்டுக்கும் வழக்குக்கும் அத்துணை இடமுண்டு.

வாற்றுக்கு முன்னிருந்த எந்திரத்தை ஆக்கியவர் டாட்மத் என்னும் ஊரின் இரும்பு வணிகரான தோமஸ் நியூக்கொமன் ஆவார். அவர்தம் எந்திரத்தின் அமைப்பு எளிது. நிமிர்த்தி வைத்த பெரியதோர் உருளைக்குள் முசலம் ஒன்று ஏறி இறங்கும். கொதிகலத்திலிருந்து நீராவி உருளைக்குட் புகுந்து நிரம்பியதும், அதனுள்ளே தண்ணீர் பீச்சப்படும். நீராவி குளிர்ந்து மீண்டும் நீராகும். உருளைக்குள் வெற்றிடம் உண்டாகும். மேலே உள்ள வளிமண்டலத்தின் அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். முசலத்தோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்ட பெருந்துலாவின் ஒரு தலை தாழ, மறு தலை உயர்ந்து சுரங்கத்து நீரை மேலே இழுக்கும். நம் கிணற்றடித் துலாவை மனத்திற் கொண்டு நோக்குவார்க்கு இதன் செய்கை எளிதில் விளங்கும். துலா மிதிப்பவனுக்குப் பதிலாக வளிமண்டலம் நின்றது.

இவ்வெந்திரம் அறுபதாண்டு பெரிய மாற்றமின்றி இயங்கியது. அதன் குறை, ஒவ்வொரு முறையும் உருளை சூடேறிப் பின்னர் குளிர்வதே. மீண்டும் சூடேற்றுவதிற் பெரும்பகுதி நீராவி வீணாயிற்று. நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலிலே நின்ற எந்திரத்துக்கு இது பெருங்குறையன்று. விற்க முடியாத கழிவுக் கரியே அதற்கு உணவாயிற்று. கரி கிடையாத இடங்களில் அக்குறையே எந்திரத்தின் எல்லையாக நின்றது.

வாற் 1736 இல் ஸ்கொத்லாந்தின் கிறீனொக் துறைமுகத்திற் பிறந்தவர். இலண்டனில் ஓராண்டு மட்டுமே கருவித் தொழில் பயின்று மீண்டமையால், கிளாஸ்கோ நகரத் தொழிற்சங்கத்தார் அவரைக் கடை வைக்க அனுமதித்திலர் என்பர். பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள் அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தது. 1763-64 மாரிகாலத்தில், வகுப்பறையிற் காட்டுவதற்கென வைத்திருந்த நியூக்கொமன் எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்ப்பதற்காக அவரிடம் வந்தது. அதன் உருளையின் விட்டம் இரண்டு அங்குலம். பழுதைத் திருத்திய பின்னரும் அது சில தடவை அசைந்து நின்றுவிட்டது. கொதிகலம் ஆக்கிய நீராவி அதற்குப் போதவில்லை. மற்றொருவராயின் மாதிரி சிறிதாயிருத்தலே காரணம் எனக் கூறித் திருப்பியனுப்பியிருப்பர். வாற் அளந்து பார்த்தார். உருளையை நிரப்பத் தேவையான நீராவியின் பன்மடங்கு அதைச் சூடாக்குவதிற் செலவாதலைக் கண்டார். மறை வெப்பத்தைப் பற்றி அக்காலத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக் அதே பல்கலைக்கழகத்தில் இருந்தமை அவருக்கு வாய்த்த நற்பேறு.

1765 ஆம் ஆண்டு இளவேனிலில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிளாஸ்கோப் பசும்புற்றிடலில் உலாவிக்கொண்டிருந்தபொழுது விடை தோன்றியதாக வாற் முதுமையிற் கூறியுள்ளார். நீராவியை உருளைக்குள்ளேயே குளிர்விக்க வேண்டியதில்லை. வேறொரு கலத்தை எப்பொழுதும் குளிராக வைத்து, நீராவியை அங்கே ஓடச் செய்தால், உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்கும். அவ்வளவே எண்ணம். ஓய்வுநாளாதலால் அன்று பட்டறையைத் திறத்தல் வழக்கமன்று. மறுநாள் வரை அவர் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து பொறுத்திருக்க வேண்டிய காலமோ மிக நீண்டது.

மேசைமேல் வைத்த மாதிரி நன்றாகவே இயங்கியது. பெரிதாகச் செய்தபொழுது இயங்கவில்லை. நியூக்கொமன் எந்திரத்தில் முசலத்துக்கும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளியை அதன்மேல் ஊற்றிய தண்ணீர் அடைத்துவிடும். வாற்றின் உருளை சூடாக இருக்கவேண்டியதாதலால் அங்கே தண்ணீர் ஊற்றலாகாது. எனவே உருளை உண்மையான வட்டமாக இருத்தல் வேண்டும். அத்தகைய உருளையைச் செய்யவல்ல கொல்லர் அன்று ஸ்கொத்லாந்தில் இலர். அக்காலத்துத் தலைசிறந்த பொறியியலாளரான ஜோன் சிமீற்றன், இத்துணை நுண்மையான எந்திரத்தைச் செய்வதற்கு வேண்டிய கருவிகளும் இல்லை, கைவினைஞரும் இல்லை என்று தீர்ப்புக் கூறினார். அத்தீர்ப்பைப் பொறாமை என்று தள்ளிவிடல் தகாது. அது கூறப்பட்ட நாளில் முற்றிலும் உண்மையாகவே இருந்தது. இதுவரை இல்லாத ஒன்றைச் செய்ய முற்படுவோர், அதைச் செய்தற்குரிய கருவியையும் கையையும் உடன் உண்டாக்க வேண்டியவராகின்றனர்.

பொருளுதவி செய்ய முதலில் முன்வந்தவர் ஜோன் றோபக். இவர் மருத்துவம் கற்றவர். கந்தகவமிலத்தை ஈய அறைகளிற் பேரளவிற் செய்யும் முறையை நிறுவியவர். கறன் இரும்பாலையைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவர் குத்தகைக்கு எடுத்த நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் பெருகி, பழைய எந்திரங்களால் இறைக்க இயலாத நிலை உண்டாயிற்று. ஆதலின் வாற்றின் எந்திரத்தில் அவருக்குத் தம் உயிர்நிலையே இருந்தது. வாற்றின் 1000 பவுண்வரையான கடனை ஏற்று, ஆக்கவுரிமைச் செலவையும் பொறுத்து, அதற்கு ஈடாக உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார். 1769 சனவரியில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் றோபக்கின் கினீல் மனைக்குப் பின்னே அமைக்கப்பட்ட எந்திரத்தின் உருளை செம்மையற்றிருந்தமையால் நீராவி எங்கும் ஒழுகியது. வாற்றுக்கோ குடும்பம் இருந்தது. எந்திரத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கால்வாய்களுக்கு நிலமளக்கும் தொழிலை மேற்கொண்டார். உலகின் போக்கையே மாற்றவிருந்த கருவி, அதன் ஆக்கியோன் பிழைப்புக்காக மலைநாட்டில் நிலமளந்துகொண்டிருந்தமையால், சில ஆண்டு துருவேறிக் கிடந்தது.

இனி, மத்தியூ போல்ற்றன். பேமிங்காம் நகரில் உலோகச் சிறுபொருள்கள் செய்த ஒருவரின் மகனாக 1728 இற் பிறந்து, தந்தையின் தொழிலை விரித்து, நகருக்கு இரண்டு மைல் வடக்கே சோகோ என்னுமிடத்திற் பேராலை ஒன்றை எழுப்பியவர். பொத்தான், பூட்டுவார்க் கொளுக்கி, வெள்ளித்தட்டு, பொன்முலாமிட்ட அலங்காரப் பொருள் ஆகியவற்றை அங்கே பல நூற்றுவர் செய்தனர். அவர் மணந்த சகோதரியர் இருவர் வழியாக (முதல்வர் இறந்த பின்னர் இளையவரை மணந்தார்) வந்த சீதனமே அவ்வாலையின் முதலிற் பெரும்பகுதி எனின், அது யாழ்ப்பாணத்து வாசகர்க்கு வியப்பளியாது. ஆலையின் சக்கரத்தைச் சுழற்றிய ஓடை கோடையில் வற்றிவிடும். வழிந்த நீரை மீண்டும் மேலே இறைத்துவிட நீராவி எந்திரம் உதவுமோ என்று அவர் 1766 இலேயே பெஞ்சமின் பிராங்கிளினோடு கடிதம் எழுதி ஆராய்ந்திருக்கிறார். ஆகவே வாற் 1768 இற் சோகோவில் அவரைச் சந்தித்தபொழுது, விடை தேடியலைந்த வினாவும் வினா தேடியலைந்த விடையும் எதிர்ப்பட்டன எனலாம்.

ஆயினும் உடன்படிக்கை உடனே ஏற்படவில்லை. றோபக் மூன்று மாவட்டங்களில் மட்டும் எந்திரம் செய்யும் உரிமையைத் தர முன்வந்தார். போல்ற்றன் மறுத்துவிட்டார். 1769 பெப்ரவரியில் வாற்றுக்கு அவர் எழுதிய கடிதம் கைத்தொழில் வரலாற்றிற் புகழ்பெற்றது. மூன்று மாவட்டத்துக்காக மட்டும் எந்திரம் செய்வதிற் பயனில்லை என்றும், உலகம் முழுமைக்கும் செய்வதாயின் முயற்சி தகும் என்றும் அதில் அவர் கருதினார். கால்வாய்க் கரையிலே தனியாலை அமைத்து, சிறந்த கருவிகளைக் கொண்டு, பயிற்சிபெற்ற கைவினைஞரால் எல்லா அளவிலும் எந்திரங்களைச் செய்தல் வேண்டும் என்பதே அவர் திட்டம். ஓர் எந்திரமேனும் சரியாக ஓடாத காலத்தில் எழுதப்பட்டது இக்கடிதம் என்பதை நினைத்தல் வேண்டும். இதனை வெறும் பேராசை என்று கொள்வாரும் உளர். கருவிகளும் கைவினைஞரும் இல்லை என்ற சிமீற்றனின் தடைக்கு இக்கடிதமே நேர்விடை என்பது நுணுகி நோக்கின் புலனாகும். ஓரிரண்டு எந்திரத்துக்காக எவரும் புதுக் கருவி செய்யார். பல நூறு எந்திரத்துக்காயின் செய்வர்.

1772 இல் இலண்டன் வங்கியொன்றின் வீழ்ச்சியாலே தொடங்கிய பணமுடை பிரித்தானியா முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டில் றோபக் முறிவடைந்தார். அவர் போல்ற்றனுக்கும் ஏறத்தாழ 1200 பவுண் கொடுக்க வேண்டியிருந்தது. ஏனைய கடன்காரர் எந்திர உரிமையை ஒரு சல்லிக்கும் மதித்திலர். போல்ற்றன் தமக்குரிய கடனுக்கு ஈடாக அம்மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டிலேயே வாற் மலைநாட்டிற் கால்வாய்க்கு நிலமளந்துகொண்டிருந்தபொழுது மனைவி மார்கரெட் மகப்பேற்றில் இறந்த செய்தி வந்தது. கினீல் எந்திரம் பிரிக்கப்பட்டுப் பேமிங்காமுக்கு அனுப்பப்பட்டது. 1774 மே மாதத்தில் வாற்றும் அங்கே குடிபெயர்ந்தார்.

இப்பொழுது புதியதோர் இடர் எழுந்தது. ஆக்கவுரிமையின் காலம் பதினான்கு ஆண்டு. அவற்றுள் ஏறக்குறைய ஆறு வீணே கழிந்துவிட்டன. எஞ்சிய காலத்தில் இட்ட முதல் மீளாது. ஆகவே பங்காளிகள் பாராளுமன்றத்தை அணுகினர். தனியுரிமையை வெறுத்த எட்மண்ட் பேர்க் எதிர்த்து நின்றார். எதிர்ப்பை மேவி 1775 மே மாதத்திற் சட்டம் நிறைவேறியது. உரிமை 1800 வரை நீடிக்கப்பட்டது. அதன்மேலேதான் இருபத்தைந்தாண்டுப் பங்குடைமை எழுதப்பட்டது. போல்ற்றனுக்கு மூன்றில் இரண்டு பங்கு, செலவெல்லாம் அவருடையது. வாற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. சட்டம் நிறைவேறாதிருப்பின் கம்பனி தோன்றியிராது என்பது பெரும்பாலும் உறுதி. அச்சட்டம் பிற்காலத்தில் விளைத்த தீங்கு வேறு. அது பின்னர்க் கூறப்படும்.

உருளைச் சிக்கலைத் தீர்த்தவர் மூன்றாமவர் ஒருவர். இரும்பாலை அதிபராகிய ஜோன் வில்கின்சன் பீரங்கிக் குழாய்களைச் செம்மையாகக் குடைவதற்கென 1774 இல் ஒரு முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அவ்வழியிற் சென்று அவர் அமைத்த பொறி, பெரிய உருளைகளையும் முன்னொருபோதும் கண்டிராத செம்மையோடு குடைந்தது. போருக்கெனப் பிறந்த கலை நீரிறைக்கும் எந்திரத்துக்கு உதவியது. அடுத்த இருபதாண்டு கம்பனியின் உருளைகளிற் பெரும்பாலானவை அவர் ஆலையிலிருந்தே வந்தன. 1776 மார்ச்சு 8 ஆம் நாள் திப்ரனுக்கு அண்மையில் உள்ள புளூம்பீல்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 50 அங்குல விட்டமுள்ள உருளையோடு கம்பனியின் எந்திரம் பலர் முன்னிலையில் இயங்கியது. அதே ஆண்டில் வில்கின்சனின் உலைக்குக் காற்றூதும் எந்திரமும் இயங்கத் தொடங்கியது. 1712 இல் நியூக்கொமனின் எந்திரம் எழுந்த இடத்துக்கும் புளூம்பீல்டுக்கும் இடையே சில மைல் தூரமே உண்டு.

எந்திரம் ஓடிவிட்டது, அதனை விற்பது எவ்வாறு? இவ்விடத்திலேதான் போல்ற்றனும் வாற்றும் இரண்டாவது புதுமையைச் செய்தனர். நியாயமாக நோக்கின் இதுவும் முதலாவதற்குக் குறைந்ததன்று. அவர்கள் எந்திரத்தை விற்கவேயில்லை. உருளையைச் சுரங்கத்தார் வில்கின்சனிடம் வாங்குவர். மரத்துலாவையும் கட்டடத்தையும் உள்ளூரிலே செய்விப்பர். நுண்ணிய வால்வுகள் சோகோவிலிருந்து வரும். வரைபடமும் அமைப்பாளனும் கம்பனியினுடையவை. இவ்வளவும் முடிந்தபின், பழைய எந்திரம் அதே வேலைக்கு எரிக்கும் நிலக்கரிக்கும் புதிய எந்திரம் எரிக்கும் நிலக்கரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அம்மிச்சத்தின் விலையில் மூன்றில் ஒன்றை ஆண்டுதோறும் கம்பனிக்குக் கொடுத்தல் வேண்டும். சுரங்கத்தாருக்கு இழப்பில்லை, மிச்சம் இல்லையெனிற் கட்டணமும் இல்லை. நம்பத்தகாத புதுப்பொருளை அஞ்சுவோரிடம் கொண்டுசெல்வதற்கு இதனினும் சிறந்த வழி காண்டல் அரிது.

அவ்வழி சிறப்பாக வாய்த்த நிலம் கோண்வால். செம்பும் வெள்ளீயமும் நிறைந்த அந்நாட்டிற் கரி இல்லை. கடல் வழியாகத் தென் வேல்சிலிருந்து வரவேண்டும். சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டிருந்தன, நீர் ஏறிக்கொண்டிருந்தது. 1777 இல் அங்கே முதல் எந்திரங்கள் இயங்கின. பழையதன் கரியில் மூன்றிலொரு பங்கோ அதனினும் குறைவோ போதும் என்று கண்டபின், சில ஆண்டுகளிற் கோண்வாலின் நியூக்கொமன் எந்திரங்கள் பெரும்பாலும் மறைந்தன. ஒவ்வோர் எந்திரத்திலும் அது எத்தனை முறை அசைந்தது என எண்ணும் கருவியொன்று பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்பட்டது, திறவுகோல் கம்பனியாரிடம். கணக்கு அதன்படியே தீர்க்கப்பட்டது.

பூட்டிய பெட்டி நட்பை வளர்ப்பதில்லை. முதலாண்டிற் கரி மிச்சத்தைக் கண்டு மகிழ்ந்த சுரங்கத்தார், ஐந்தாம் ஆண்டிற் பழைய எந்திரத்தை மறந்தனர். மூன்றிலொரு பங்கு என்னும் கட்டணமே கண்ணுக்குத் தெரிந்தது. தம் சுரங்கத்தில், தம் செலவில், தம் ஆட்கள் கட்டிய எந்திரத்துக்குப் பேமிங்காமில் இருப்போர்க்கு ஆண்டுதோறும் திறை கொடுப்பதேன் என்று கேட்கலாயினர். அங்கிள்சித் தீவின் மலிவான செம்பு சந்தையில் நிறைந்து விலை வீழ்ந்தபொழுது அக்குரல் ஓங்கியது. கம்பனியார் நாளடைவிற் பல இடங்களில் மிச்சக் கணக்கை விட்டு, நிலையான தொகையை வாங்க உடன்பட்டனர். சுரங்கங்கள் மூடப்படாதிருத்தற்பொருட்டு அவற்றிற் பங்குகளையும் வாங்கினர்.

கோண்வாலிற் கம்பனியின் தூணாக நின்றவர் வில்லியம் மேடொக். 1777 இல் ஸ்கொத்லாந்திலிருந்து நடந்தே சோகோவுக்கு வந்தார் என்றும், கையிற் சுழற்றிய தொப்பி மரத்தாலானது என்று கண்டு போல்ற்றன் வினவ, தாமே செய்த கடைசற் பொறியில் நீள்வட்டமாகக் கடைந்தது என்று விடை கூறி வேலை பெற்றார் என்றும் கூறுவர். நீள்வட்டமாகக் கடைதல் எளிதன்று என்பதைப் போல்ற்றன் அறிவார். பல்லாண்டு இரவும் பகலும் எந்திரம் அமைத்து, பழுது நீக்கி, சுரங்கத்தாரின் சினத்தையும் தாங்கியவர் மேடொக்கே. 1784 அளவிற் சிறிய நீராவி வண்டியொன்றின் மாதிரியை அவர் செய்து ஓட்டினார். முதலாளிகள் அதனை ஊக்கவில்லை. 1792 இல் றெட்றூத்தில் உள்ள தம் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியேற்றினார். புதுமையாற் பிறந்த கம்பனியே தன் பணியாளனின் புதுமைக்குத் தடையாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பணநிலை எவ்வாறிருந்தது எனின், நீண்டகாலம் துன்பமே. எந்திரக் கட்டணம் மெல்ல வந்தது. செலவு உடனே வந்தது. பொத்தானும் வெள்ளித்தட்டும் செய்த பழைய பங்குடைமையோ நட்டத்திலோடியது. போல்ற்றன் தந்தை வழியாலும் மனைவி வழியாலும் வந்த காணிகளுட் சிலவற்றை விற்றார், சிலவற்றை ஈடுவைத்தார், இன்னும் வராத எந்திரக் கட்டணத்தையே பிணையாகக் காட்டி வங்கிகளிற் கடன் பெற்றார். 1780களின் நடுப்பகுதிவரை இந்நிலை நீடித்தது. வாற் தலைநோயும் மனச்சோர்வும் உடையவர், கடனென்றால் நடுங்குபவர், ஒவ்வொரு கடிதத்திலும் அழிவை எதிர்பார்த்தவர். போல்ற்றன் இடர் மிக மிக மலர்ச்சியடைந்தவர். அவர்களுடைய கடிதங்கள் இன்றும் பேமிங்காமிற் பேணப்படுகின்றன. எழுதிய கடிதத்தை ஈரத்தாளில் அழுத்திப் படியெடுக்கும் கருவியை 1780 இல் வாற்றே ஆக்கினார். கணக்கும் கடிதமும் எழுதி எழுதிச் சலித்ததன் பயன் அது. அதனாலேயே இக்கம்பனியின் உள்வரலாறு பிற கம்பனிகளின் வரலாற்றினும் தெளிவாகக் கிடைக்கின்றது.

நீரிறைத்தலோடு நின்றிருப்பின் கம்பனி கோண்வாலோடு முடிந்திருக்கும். இலண்டன், மன்செஸ்ரர், பேமிங்காம் எங்கும் மக்கள் நீராவியால் ஓடும் ஆலைக்குப் பித்துப்பிடித்திருக்கின்றனர் என்று போல்ற்றன் 1781 இல் வாற்றுக்கு எழுதினார். வாற்றுக்கு விருப்பமில்லை, இருக்கும் எந்திரங்களே போதிய தலைவலி. போல்ற்றன் விடவில்லை. மேலுங்கீழுமாகிய அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு நூல் நூற்கும் இராட்டினத்தின் மிதியிலே தொன்றுதொட்டு உள்ளது. ஆயினும் நீராவி எந்திரத்திலே அதனைப் பூட்டுதற்கு ஜேம்ஸ் பிக்காட் என்பவர் 1780 இல் உரிமை பெற்றுவிட்டார். ஆக்கவுரிமையை ஆயுதமாகக் கொண்டவர் அதே ஆயுதத்தால் தாக்குண்டார். அவருக்குக் கட்டணம் செலுத்த மனமின்றி, ஒரு பற்சக்கரம் மற்றொன்றைச் சுற்றிவரும் ஞாயிறு-கோள் அமைப்பை வாற் 1781 இற் பதிவு செய்தார். மேடொக்கின் சிந்தனை அது என்று கருதுவோர் பலர். 1782 இல் முசலத்தை இருபுறமும் நீராவி தள்ளும் முறை. 1784 இற் சமாந்தர இயக்க அமைப்பு. 1788 இல் வேகத்தைத் தானே அடக்கும் சுழல்குண்டுக் கருவி. இவற்றுட் சமாந்தர இயக்க அமைப்பே தமக்கு மிகுந்த பெருமை தருவதென வாற் முதுமையிற் கூறினார். உலகமோ அவரை ஒடுக்கற் கலத்துக்காகவே நினைவுகூர்கின்றது.

சுழல் எந்திரத்துக்குக் கரி மிச்சக் கணக்குப் பொருந்தாது. அஃது அகற்றியது பழைய எந்திரத்தையன்று, குதிரையை. ஆகவே ஒரு குதிரை ஒரு நிமிடத்திற் செய்யும் வேலை 33,000 அடி-இறாத்தல் என வாற் நிறுவினார். எந்திரத்தின் ஆற்றலை அதனால் அளந்து, ஒவ்வொரு பரிவலுவுக்கும் ஆண்டுக்கு 5 பவுண், இலண்டனிலாயின் 6 பவுண், எனக் கட்டணம் விதிக்கப்பட்டது. மாணவர் பௌதிக நூலிற் கற்கும் பரிவலு, இங்ஙனம் ஒரு கம்பனியின் விலைச்சீட்டிலே நிலைபெற்ற அலகாகும். 1785 இற் பப்பிள்விக்கில் ஒரு பருத்தி ஆலையும் இலண்டனில் மதுவடிசாலைகளும் எந்திரம் கொண்டன. 1786 இற் தேம்சு நதிக்கரையில் அல்பியன் மாவாலை எழுந்தது; அதன் வேலையைக் கண்டு இலண்டன் வியந்தது; சிற்றாலைக்காரர் கசந்தனர். 1791 மார்ச்சில் அது தீப்பற்றி எரிந்தபொழுது அவர்கள் மகிழ்ச்சியாரவாரம் செய்தனர்.

இனி, தனியுரிமையின் மறுபக்கம். 1781 இல் ஜோனதன் ஹோண்புளோவர் இரண்டு உருளைகளிலே நீராவியை அடுத்தடுத்துப் பயன்படுத்தும் எந்திரத்துக்கு உரிமை பெற்றார். எண்ணம் சிறந்தது, ஆயினும் தனி ஒடுக்கற் கலமின்றி அது பயன்தராது, அக்கலமோ வாற்றினுடையது. உரிமைக் காலத்தை நீடிக்க ஹோண்புளோவர் 1792 இற் பாராளுமன்றத்தை வேண்டியபொழுது, பதினேழாண்டுக்கு முன் அதே வாயிலில் வரம் பெற்ற போல்ற்றனும் வாற்றும் அதனை எதிர்த்து வென்றனர். எட்வேட் புல் முதலியோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. கோண்வாற் சுரங்கத்தார் கட்டணத்தை நிறுத்தி முடிவை எதிர்நோக்கினர். 1799 சனவரியிலே தீர்ப்புக் கம்பனிக்குச் சார்பாயிற்று; நிலுவைகள் வசூலாயின. உரிமை முடிய ஓராண்டே எஞ்சியிருந்தது.

உரிமை முடிந்தபின் கோண்வாலார் சோகோவிலிருந்து ஓர் எந்திரமும் வாங்கவில்லை என்பர். உயரமுக்க நீராவியை வாற் ஆபத்தெனக் கருதி எதிர்த்தவர். அவ்வச்சம் காரணமற்றதன்று, 1803 இற் கிறினிச்சில் அத்தகைய கொதிகலம் ஒன்று வெடித்து உயிர்ச்சேதம் விளைந்தது. ஆயினும் அவ்வழியே 1804 இல் றிச்சட் றெவிதிக் தண்டவாளத்தின்மேல் நீராவி வண்டியை ஓட்டினார். 1811 முதற் கோண்வால் எந்திரங்களின் வேலையளவு மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. ஒருவர் திருத்தத்தை மற்றவர் கண்டு கற்க, 1840களிற் சராசரித் திறன் மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. இவற்றை நோக்கி, வாற்றின் உரிமை நீராவியின் வளர்ச்சியைத் தடுத்தது என்பர் ஒருசாரார். அவ்வுரிமை இல்லையேல் வளர்வதற்கே எந்திரம் இருந்திராது என்பர் மற்றொருசாரார். 1775 ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்கின் பின்னவர் கூற்றே வலியது. 1792 இல் நிகழ்ந்ததை நோக்கின் முன்னவர் கூற்றைத் தள்ளுதல் இயலாது. முதலிட்டவர் முதலும் ஊதியமும் பெற்றபின்னரும் காவல் நீடித்தமையே குறை.

கம்பனியின் கணக்கேட்டில் வேறொரு கறையும் உண்டு. அடிமைகள் உழைத்த மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் அதன் எந்திரங்கள் சென்றன. ஆற்றல் எங்கே எதற்குப் பயன்படும் என்று சோகோ கேட்கவில்லை. தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. 1788 இற் போல்ற்றன் நீராவியால் நாணயம் அடிக்கும் அக்கசாலையைச் சோகோவில் நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பனி சென்னை மாகாணத்துக்கென அங்கே செப்புக் காசுகளை அடிப்பித்தது. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் காட்னர் என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அண்மையிலேயே மணற்றிட்டில் மோதி மூழ்கியது. 1980களிற் கடலிலிருந்து மீட்கப்பட்ட அக்காசுகள் இன்று நாணயம் சேர்ப்போர் கைகளிற் பெருந்தொகையாக உள்ளன.

1795 இற் சிமெதிக்கில் கால்வாய்க் கரையிலே சோகோ வார்ப்புச்சாலை கட்டத் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டிலே திறக்கப்பட்டது. உருளை முதல் ஆணி வரை எல்லாம் ஒரே இடத்திற் செய்யும் ஆலையாகிய அதுவே 1769 ஆம் ஆண்டுக் கடிதத்திற் கண்ட கனவு. அது நிறைவேற இருபத்தாறு ஆண்டு சென்றது. வில்கின்சன் கட்டணமின்றிக் களவாக எந்திரங்கள் செய்து விற்றமை அப்பொழுது வெளிப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாயிற்று. 1800 இற் பங்குடைமை முடிந்தபொழுது மைந்தர் தொழிலை ஏற்றனர். அதுவரை கம்பனி அமைத்த எந்திரங்கள் 450 முதல் 500 வரை எனக் கணக்கிடுவர். அவற்றுட் பெரும்பான்மை சுழல் எந்திரங்கள். அந்நூற்றாண்டிற் பிரித்தானியாவிற் கட்டப்பட்ட நீராவி எந்திரங்கள் 2000க்கு மேல் என்பதையும் உடன் நோக்கல் வேண்டும். நியூக்கொமனின் பழைய எந்திரம், கரி மலிந்த இடங்களில், புதியதன் அருகிலேயே தொடர்ந்து கட்டப்பட்டு வந்தது.

போல்ற்றன் 1809 இலும் வாற் 1819 இலும் மேடொக் 1839 இலும் இறந்தனர். மூவரும் சோகோவுக்கு அண்மையில் உள்ள ஹான்ஸ்வேத் புனித மரியாள் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். வலுவின் அலகுக்கு வாற்றின் பெயர் இடப்பட்டது. போல்ற்றனும் வாற்றும் சேர்ந்து காட்சியளித்த 50 பவுண் தாளை இங்கிலாந்து வங்கி 2011 இல் வெளியிட்டு 2022 இல் மீளப்பெற்றுக்கொண்டது. 1779 இற் பேமிங்காம் கால்வாய்க்கென அமைக்கப்பட்ட சிமெதிக் எந்திரம் அந்நகர அரும்பொருட்சாலையிற் பேணப்பட்டு வருகின்றது. நீராவி ஊட்டின் அதன் துலா இன்றும் அசையும்.